நூலகர் அக்காக்கள்: உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நூலகர் அக்காவுக்கு அதுதான் பைண்டிங் நாள். முதுகு பிய்ந்து அட்டை தொங்கும் புத்தகங்களைக் கட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார். திண்ணையில் மைதா பசை, கலிக்கோ துணி, மெழுகு தடவிய நூல், பழைய தினசரி என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. கோடை விடுமுறையில் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

பழைய அட்டையைக் கழற்றி, ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒன்றாக மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முதுகில் காய்ந்துகிடக்கும் பசையைக் கத்தியால் சுரண்டுவார். அப்புறம் தையல். ஒவ்வொரு ஃபாரத்தின் நடுமடிப்பிலும் ஊசி உள்ளே போய் வெளியே வந்து, முந்தைய ஃபாரத்தின் நூலில் ஒரு கொக்கி போட்டுக்கொண்டுதான் அடுத்ததற்குப் போகும். "இந்தக் கொக்கியை விட்டா புத்தகம் நடுவுல வாயைப் பிளந்துடும்" என்பார். பசை காய்ந்ததும் முதுகில் வெள்ளை பெயிண்டால் தலைப்பை எழுதுவார். அந்தக் கையெழுத்துக்காகவே நான் சில புத்தகங்களை எடுத்துப் படித்திருக்கிறேன்.

இன்னொரு கைவேலையும் உண்டு. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது, எல்லாரும் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். சாமி படம் உள்ள பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை விரல் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு உல்லன் நூல் கட்டிவிடுவார். புத்தகம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் பக்க அடையாளமாக ஒன்று கிடைக்கும். பக்கத்தை மடக்காதீர்கள் என்று சுவரில் எழுதிப்போட்டதெல்லாம் பலிக்கவில்லை, இது பலித்தது.

நூலக வேலை என்று பார்த்தால் வழக்கமானதுதான். காலையில் தினத்தந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்கள், குரூப் 4 எழுதும் பிள்ளைகள், சனிக்கிழமை படக்கதைக்கு வரும் வாண்டுகள். புதுப் புத்தகம் வந்தால் பதிவேட்டில் ஏற்றி, முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் சீல் குத்தி, எல்லாப் புத்தகத்திலும் ஒரே எண்ணுள்ள ரகசியப் பக்கத்திலும் ஒரு சீல் குத்துவார். அட்டை போனாலும் இந்த நூலகத்துப் புத்தகம்தான் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நான் சொல்ல வந்தது புத்தகத்துக்குள் கிடைப்பவற்றைப் பற்றி. திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் அக்கா ஒருமுறை முழுக்கப் புரட்டிவிடுவார். பஸ் டிக்கெட், மயிலிறகு, அடகுக்கடைச் சீட்டு, பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, எது வேண்டுமானாலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். எந்தப் புத்தகம், யார் எடுத்தது என்ற துண்டுச்சீட்டும் கூடவே இருக்கும். உரியவர் வந்தால் கையில் கொடுப்பார்.

ஒருமுறை என் சித்தி எடுத்துப்போன நாவலை அவருடைய மாமியார் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். உள்ளே ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. குழந்தை இல்லை என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சித்தி யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்க் காட்டியிருந்தார். அக்கா வழக்கம்போலப் புரட்டினார், பார்த்தார், மூடினார், "சரிங்கம்மா" என்றார். அவ்வளவுதான். சித்தி பிறகு நேரில் வந்தபோது, அவர் எடுத்த அடுத்த புத்தகத்துக்குள் அந்தச் சீட்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. "உடம்பு எப்படி இருக்கு" என்றுகூட அக்கா கேட்கவில்லையாம். சித்தி இதை எனக்குச் சொன்னது எத்தனையோ வருடம் கழித்து. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அக்காவுக்கு எங்கள் பக்கத்து நூலக வரலாறு அத்துப்படி. மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியதையும், சீர்காழியில் பிறந்த நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து அதைத் தொடங்கிவைத்ததையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வார். அக்காவும் சாயங்காலம் வீடு திரும்பும்போது, படியேற முடியாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் சைக்கிள் கூடையில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார். வாசலில் தயங்கி நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எழுந்தே வந்துவிடுவார். ஒருநாள் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றார். "வீட்டு வரியோட நூலக வரியும் கட்டுறோம்ல, இது நம்ம இடம்தாம்மா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார். அந்த அம்மா இருந்தது வாடகை வீட்டில், வீட்டு வரி கட்டுபவரே இல்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

ஒரு சந்தேகம். பசையில் பூச்சி வராமல் இருக்க அக்கா மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார். எங்கள் பள்ளி நூலகத்தில் இப்போது இராமபாணப் பூச்சி புத்தகங்களை அரித்துத் தள்ளுகிறது. பிள்ளைகளை வைத்தே பைண்டிங் செய்யலாம் என்று இருக்கிறேன். மயில்துத்தம் எவ்வளவு போடுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து, அரசு அலுவலக உதவியாளர்

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உதவியோடு இதை எழுதுகிறேன். குரூப் 4-க்குப் படித்த காலத்தில் எனக்கும் ஒரு நூலகர் அக்கா இருந்தார். அந்தத் தேர்வில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகங்களைக் கரைத்துக் குடித்தால்தான் தமிழில் மதிப்பெண் வரும். பிரெய்லில் எல்லாப் புத்தகமும் கைக்குக் கிடைக்கவில்லை.

அக்கா மதிய இடைவேளையில் பாடங்களைத் தன் போனில் வாசித்துப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எனக்காக வாசித்தவர்கள் வேறு சிலரும் உண்டு, பாடத்தை மட்டும் வாசிப்பார்கள். இவர் பக்க எண் சொல்வார். "வலது பக்கம் ஒரு பெட்டி இருக்கு தம்பி, தெரிந்து தெளிவோம்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அதையும் வாசிப்பார். படம் இருந்தால் படத்தில் என்ன இருக்கிறது என்பார். செய்யுளை ஒருமுறை சீர் பிரித்து, ஒருமுறை சேர்த்து வாசிப்பார். கேள்விகள் அந்தப் பெட்டிகளுக்குள்ளிருந்தும் வருகிற தேர்வு அது. அந்தப் பதிவுகளை நான் இன்னும் அழிக்கவில்லை. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகம் மாறிய இடங்களை மட்டும் வேறு நண்பர்கள் புதிதாக வாசித்துச் சேர்க்கிறார்கள்.

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் அவருக்குப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலரா சேர்ந்துடு, உன் பேரைப் பலகையில எழுதுறேன்" என்றார். சேர்ந்தேன். அன்று என் கையைப் பிடித்து அந்தப் பலகையில் என் பெயர் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெயிண்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்ததால் விரலுக்கு எழுத்து தட்டுப்பட்டது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்.

திருவாரூரிலிருந்து, ஓய்வுபெற்ற நூலகர்

ஆசிரியை அம்மாவுக்கு: பிள்ளைகள் கைவைக்கும் வேலை என்றால் மயில்துத்தமே வேண்டாம். அது விஷம். பிள்ளைகள் பசைக் கையை வாயில் வைப்பார்கள். நாங்கள் போட்டது கொதிநீரில் கரைத்த ஒரு சிட்டிகைதான், அதையும் அலுமினியச் சட்டியில் செய்ய மாட்டோம், பாத்திரத்தை அரித்துவிடும்.

துத்தம் இல்லாத பசையை அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். மெல்லிசாகத் தடவுங்கள், தடியாகத் தடவினால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. ஒட்டிய புத்தகத்தை வெயிலில் வைக்காமல், பாரம் ஏற்றி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும் இடத்துக்குத்தான் இராமபாணம் வரும். அதனால் முதலில் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அடுக்குகளில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வையுங்கள், வாசனை போனதும் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாப் புத்தகத்தையும் எடுத்துத் தட்டி அடுக்கினாலே பாதிப் பூச்சி போய்விடும்.

நீங்கள் சொன்ன அந்தக் கொக்கித் தையலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். ஊசியும் நூலும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமை என்றால் நல்லது, எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்களாகப் பார்த்து உட்காரவையுங்கள். பிய்ந்த புத்தகங்களில் பக்கம் குறையாதவற்றை மட்டும் முதலில் பிரித்து வைத்திருங்கள்.