புதுப்பிப்பு: பாடசாலை வாசல் நெரிசல், சபை அமர்வில் நடந்தது

பாடசாலை விடும் நேரத்தில் வேன்களும் ஓட்டோக்களும் வாசலை அடைத்து நிற்பது பற்றியும், பாதசாரிக் கடவைக் கோடு அழிந்துபோனது பற்றியும் போன மாதம் எழுதியிருந்தேன். இதைச் சரிசெய்யக் கேட்டு எங்கள் உள்ளூராட்சி சபைக்கு மனுக் கொடுத்தோம் அல்லவா, அது இந்த மாத அமர்வுக்கு வந்தது.

முதலில் வழக்கமான அலுவல்கள்: போன கூட்டறிக்கை, கணக்கறிக்கை, சோலைவரி (வீடு, காணிகளுக்குச் சபை அறவிடும் வரி) நிலுவை. சந்தைக் கடை வாடகைக்கே நல்ல நேரம் போனது. எங்கள் விஷயம் கடைசியில்தான்.

பதில் இதுதான். வாசலுக்கு முன்னால் போவது ஏ தர வீதி, அதாவது பிரதான வீதி. அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, அங்கே சபை தானாகக் கோடு போட முடியாது. போக்குவரத்துப் பொலிஸின் சிபாரிசோடு கடிதம் அனுப்புவார்களாம். பக்கத்து ஒழுங்கை சபையுடையது. அங்கே வேகத்தடை போடச் சம்மதம். ஒரு உறுப்பினர் வீதியில் நிற்கும் மான்களையும் பேச்சுக்குள் இழுத்தார். சிரிப்பு எழுந்தாலும் அவர் சொன்னது சரிதான்; திருகோணமலையில் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், புள்ளிமான் கூட்டம் ஹோர்னுக்கெல்லாம் அசையாது.

கடிதத்தின் பிரதியைக் கேட்டிருக்கிறேன். அதுவரை வேன் சாரதிகளே ஒழுங்கைக்குள் வரிசையாக நிறுத்தச் சம்மதித்திருக்கிறார்கள். ஓட்டோக்காரர்களோடு இன்னும் பேச்சு நடக்கிறது.