அரைத்தபோது, அடித்தபோது, இறுக்கியபோது நடந்த வேதிவினை: உங்கள் அனுபவம் உண்டா?

கல்வம்
சித்த மருத்துவக் கல்லூரி, குணபாட (மருந்துச் சரக்குகள் பற்றிய) வகுப்பு. சுத்தி செய்த ரசமும் (பாதரசம்) கந்தகமும் கல்வத்தில், அதாவது மருந்து அரைக்கும் கல்லில். அடுப்பு கிடையாது, குழவி மட்டும்தான். முதலில் ரசம் பிடிகொடுக்காமல் உருண்டு உருண்டு ஓடியது. அப்புறம் மஞ்சள் மங்கி, சாம்பலாகி, மையாகக் கறுத்துவிட்டது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், துளி மினுக்கு இல்லை. பாதரச சல்பைடு ஆகிவிட்டது, சரி. வெறும் கை பலமா இதைச் செய்தது?

சூடுதான்
உராய்ந்தால் சூடு, சூட்டில் வினை. இதில் என்ன மர்மம்? சின்ன வயதில் துப்பாக்கி கேப் சுருளை முழுசாக வைத்துக் கல்லால் ஒரே போடு. சாயங்காலம் வரை காது விண்ணென்றது. அதிலிருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். தீக்குச்சியில் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் பாஸ்பரஸ் என்று பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. பிள்ளைகளைக் கேப் மருந்தைச் சுரண்டிச் சேர்க்க விடாதீர்கள். குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாக அரைக்கவே கூடாது. பட்டாசில் அந்தக் கலவைக்கு 1992இலேயே தடை போட்டுவிட்டார்கள். கல்வம், நீங்களும் ஜன்னலைத் திறந்து வைத்து அரையுங்கள், ரச ஆவி நல்லதல்ல.

வெள்ளி உப்பு
மேலே 'சூடுதான்' சொன்னதில் பாதிதான் சரி. கேப் வெடிப்பது அடி விழுந்த இடத்தில் கணநேரம் ஏறும் சூட்டால், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி குளோரைடுக்கு என்ன சொல்வீர்கள்? சூடாக்கினால் சுமார் 455 டிகிரியில் உருகுமே தவிர, சிதையாது. அரைத்தால் சிதைந்து வெள்ளி பிரிகிறது. அமெரிக்கர் கேரி லீ 1890களிலேயே காட்டியது இது. எம்.எஸ்சி. படிக்கும்போது நானும் செய்தேன். வெளிச்சம் பட்டாலே கறுக்கும் சரக்கு என்பதால் இருட்டறையில், சிவப்பு விளக்கில். குழவி அழுத்திய தடம் மட்டும் கோடு கோடாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் இருந்த தூள் வெள்ளையாகவே கிடந்தது. சூடு ஆளைப் பார்த்தா வேலை செய்யும்?

தொழுவம்
அரைக்காமலும் நடக்கும். மாட்டுத்தொழுவத்துக் குழாயில் ஒரு பித்தளை நட். ஒழுகுகிறதே என்று பிளம்பர் ஸ்பேனர் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டுப் போனார். யாரும் தொடவில்லை, ஒரு நாள் நெடுக்காகப் பிளந்து நின்றது. கோமியத்து அம்மோனியா. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கிய பித்தளைத் தோட்டா உறைகளும் இப்படித்தான் விரிசல் விட்டனவாம். உள்ளே தங்கிய இழுவிசையும் அம்மோனியாவும் கூட்டுச் சேர்ந்தால் பிளக்கும் என்று 1921இல்தான் விளக்கினார்கள். அதே ஜோடியில் இன்னொரு நட் இறுக்காமல் மாடத்தில் கிடந்தது. பச்சை பிடித்திருந்தது, ஆனால் கீறல்கூட இல்லை.

சூடுதான்
சரி, கேப் விஷயத்தில் நான் சொன்னது சரிதானே?