மைன் ரெக்லமேஷன்: மாணவர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

செ. (விருத்தாசலம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெய்வேலிச் சுற்றுவட்டார மாணவர்களுக்காக ஒரு கையேடு தயாரிக்கிறோம். நிலக்கரி வெட்டி முடித்த பள்ளத்தை நிரப்பி, சமன்செய்து, பயிரோ மரமோ பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவருகிற வேலையை ஆங்கிலத்தில் மைன் ரெக்லமேஷன் என்பார்கள். அதற்கு என்ன படிக்கலாம், படிக்கப் பணம் எங்கே கிடைக்கும் என்பதே பொருள். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல், கேட் (GATE) நுழைவுத்தேர்வு தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தொழில் பழகுநர் பயிற்சி, மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் திறன் பயிற்சிக்கு உள்ள இடம் எல்லாம் எழுதியாயிற்று. தலைப்புதான் இழுக்கிறது. வரைவில் ‘சுரங்க மீட்பு: பயிற்சியும் உதவித்தொகையும்’ என்று போட்டிருந்தேன். படித்த மாணவி ஒருத்தி, “உத்தரகாசியில் சுரங்கப்பாதைக்குள் சிக்கிய 41 பேரை மீட்டார்களே, அந்த வேலையா ஐயா?” என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

அ. (கோவை) எழுதியது:

அந்தப் பெண் கேட்டது சரி. சுரங்க மீட்பு தனித் தொழில். அதற்கு 1985-இல் வந்த தனி விதிகளே உண்டு. ‘நில மீட்பு’ என்று மாற்றினால் இன்னும் சிக்கல். நாளிதழ் படிக்கிறவருக்கு அது பஞ்சமி நில மீட்பு, ஆக்கிரமிப்பு மீட்பு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனால், பட்டா திரும்பி வருகிறது என்று தகப்பனார் நம்பிவிடுவார். அந்த ஏமாற்றத்துக்கு நாம் காரணமாகக் கூடாது. ‘மறுவாழ்வு’ம் வேண்டாம், அது இடம்பெயர்ந்தவர்களுக்கான சொல். ‘சுரங்க நிலச் சீரமைப்பு’ என்று வையுங்கள்.

இன்னொன்று: பழகுநருக்குத் தருவதை உதவித்தொகை என்றால், வருமானச் சான்றிதழ் கேட்பார்கள் என்று பிள்ளைகள் விலகிப்போகிறார்கள். பயணப்படி, அகவிலைப்படி போலப் ‘பயிற்சிப்படி’ என்று எழுதலாம்.

பு. (தஞ்சாவூர்) எழுதியது:

சுரங்கம் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்தது என்பார்கள். அதை விடுங்கள்; சுரங்கம் என்றால் மண்ணுக்குள் குடைந்து போவது. நெய்வேலியில் இருப்பது வானம் பார்த்த பள்ளம். ‘திறந்தவெளிச் சுரங்கம்’ என்று முரணாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்’ இருக்கும்போது நமக்கு என்ன குறை? அகழ்நிலம் என்க.

செயலுக்குத் ‘தேற்றம்’. (பால்) ஆறு, (பாலை) ஆற்று என்பதுபோலத் தேறு, தேற்று. காய்ச்சலில் கிடந்தவன் உடம்பு தேறினான் என்கிறோம். கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை. சங்கப் பாட்டில் தெளிந்த கள் தேறல். கலங்கியது தெளிவதும், நொந்தது நலம் பெறுவதும் ஒரே வேரில் நிற்கின்றன. நோயுற்ற நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் உண்டு? அகழ்நிலத் தேற்றம்.

ந. (சென்னை) எழுதியது:

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்தவருக்குத் தேற்றம் என்றால் பிதாகரஸ். இலக்கணம் படித்தவருக்குத் தேற்ற ஏகாரம், அதாவது உறுதி காட்டும் ஏகாரம். மூன்றாவது பொருளையும் அதன்மேல் ஏற்ற முடியாது. தேறல் எப்படித் தெளிவித்தார்கள் என்பதற்கு உரைகளில் குறிப்பு உண்டா?

வெ. (மேற்கு வெர்ஜீனியா) எழுதியது:

நான் ‘மீட்சி’ பக்கம். மீட்பு செயப்படுபொருள் கேட்கும், ஒருவர் ஒன்றை மீட்க வேண்டும்; மீட்சி கேட்காது, அது தானே மீள்வது. இங்கே அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், வெட்டிய நிலத்தைச் சரிசெய்யச் சொல்லும் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், வெட்டிய இடத்தைப் புல்டோசரால் திரும்பத் திரும்ப அழுத்திச் சமன்செய்தார்கள். மண் சரியாது, பார்வைக்கும் ஒழுங்கு. புல் முளைத்தது; மரம் வேர்விடவில்லை. இப்போது காடு வளர்க்க நினைப்பவர்கள் குறைந்தது 4 அடிக்கு மண்ணைத் தளர்வாகவே விடச் சொல்கிறார்கள். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், அப்படித்தான் கிடக்க வேண்டும். இதைப் பார்த்தவனுக்குச் ‘சீரமைப்பு’ என்பது பழைய தவற்றையே கற்றுக்கொடுக்கும் சொல்லாகத் தெரிகிறது. நாம் இடம்விட்டுக் கொடுத்தால் நிலம் தானே மீளும்.

அ. (கோவை) எழுதியது:

தானே மீளும் என்று எழுதிக்கொடுத்தால் வெட்டியவருக்குப் பொறுப்பு எங்கே? மண்ணைத் தளர்வாகப் போடுவதும் ஒருவர் செய்கிற வேலைதான். அந்த வேலைக்குத்தானே ஆள் தயார்செய்கிறோம்! செய்பவரை மறைக்கும் சொல் தொழிற்கையேட்டுக்கு ஆகாது.

செ. (விருத்தாசலம்) எழுதியது:

தலைப்பைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருப்பதை இன்று கண்டேன். ‘மேல்மண்ணைத் தனியே எடுத்துக் குவித்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். கரிக்கு மேலே கிடக்கிற அத்தனையும் மேல்மண்தானே என்கிறார்கள் மாணவர்கள். முந்திரியும் மணிலாவும் (நிலக்கடலை) விளைந்த மண் மேலே கொஞ்சம்தான். அதற்குக் கீழே பல பத்து மீட்டர் மணலும் களியும். வேலை செய்கிறவர்கள் அதை ஓவர்பர்டன் என்றே சொல்கிறார்கள். இரண்டும் கலந்து கொட்டப்பட்டால், களி மேலே வந்து வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் வழுக்கும், விதை ஒட்டாது. வேறு எதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

ந. (சென்னை) எழுதியது:

மேலே இருப்பது பயிர்மண்; அதற்குக் கீழே கரியை மூடிக் கிடப்பது மூடுமண்.

பு. (தஞ்சாவூர்) எழுதியது:

இரண்டும் நன்று. மறுப்பில்லை.

செ. (விருத்தாசலம்) எழுதியது:

நன்றி. பயிர்மண், மூடுமண், பயிற்சிப்படி மூன்றும் ஏறிவிட்டன. தலைப்பு ‘சுரங்க நிலச் சீரமைப்பு: படிப்பு, பயிற்சி, உதவித்தொகை’. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் இதற்கே இசைந்தார்கள். வெ. சொன்ன 4 அடி விவரத்தை இரண்டாம் இயலில் கட்டம் போட்டுத் தருகிறேன்.

பு. (தஞ்சாவூர்) எழுதியது:

அகழ்நிலம் என்பதையாவது சொல்லடைவில் சேருங்கள். அட்டையில் சுரங்கம் இருக்கும்வரை என் மறுப்பு நிற்கிறது. தேறல் பற்றி ந. கேட்டதற்குத் தனி இழையில் விடை எழுதுகிறேன்.