ஃபுல் ஃபேஸ் மாஸ்க் போட்டு ஸ்கூபா பண்ணலாமா?

கேள்வி:
ஸ்கூபால முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சு 12 டைவ் ஆச்சு, அடுத்த மாசம் அந்தமான்ல ஹேவ்லாக் போறேன். சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொடுக்கற ரெகுலேட்டரைக் கடிச்சுக் கடிச்சு தாடை வலி தாங்கல, அதான் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வாங்கலாம்னு ஆன்லைன்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், மேல குழாய் இருக்கு, விலையும் கம்மி. சேஃப்தானே?

பதில் 1:
அய்யோ வாங்கிடாதீங்க! குழாய் வச்சது ஸ்நார்க்கலிங் மாஸ்க், தண்ணி மேல மிதக்க மட்டும்தான். அதுல மூக்கைப் பிடிச்சு காதடைப்பு எடுக்க முடியாது, கீழ எறங்குனா மூஞ்சிய அப்படியே அமுக்கும், சிலிண்டரையும் மாட்ட முடியாது.

பதில் 2:
ஸ்கூபாவுக்குன்னே செய்யறது வேற, 2018 தாய்லாந்து குகைல மாட்டிக்கிட்ட பசங்களை வெளிய கொண்டு வரப்போ போட்டது அந்த மாதிரிதான். உள்ள மூக்கு வாய மூடுற சின்ன கப் சரியா உக்காரலன்னா விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம், கார்பன் டை ஆக்சைடு ஏறி தலைவலி, படபடப்பு வரும். அதைவிட எனக்கு பயம், காத்து தீந்துட்டா பார்ட்னரோட ஆக்டோபஸ்ஸ, அதாவது ஸ்பேர் ரெகுலேட்டரை, சட்டுனு வாய்ல வைக்க முடியாது, மாஸ்க்கையே கழட்டணும். நான் ஸ்விம்மிங் பூல்லதான் பழகுனேன், அஞ்சு பட்டையும் லூஸ் பண்ணி எடுத்ததும் கண்ணு முன்னாடி வெறும் நீலம், பாக்கெட்ல இருந்த சாதா மாஸ்க்கைத் தடவி எடுத்து மாட்டறதுக்குள்ள கை நடுங்கிடுச்சு. தனி கோர்ஸ் பண்ணாம கடல்ல போடவே போடாதீங்க ப்ளீஸ்.

பதில் 3:
தாடை வலிக்கு ரெகுலேட்டர்ல நாம கடிக்கற மவுத்பீஸ மாத்துனாலே போதும்ங்க, வெந்நீர்ல போட்டு நம்ம பல்லுக்கு ஏத்த மாதிரி கடிச்சு வச்சுக்கறது கிடைக்குது. அழுத்திக் கடிக்கவும் வேணாம், உதட்டால மூடுனா நிக்கும்.