டென்ஷன் ஆனாலே சுகர் எகிறுது, மூச்சுப் பயிற்சி உதவுமா?

நைட்ஷிப்ட்காரன்:
எனக்கு டைப் 2 சுகர். மாத்திரை ஒழுங்கா போடறேன், சாப்பாடும் அதே தான், ஆனா மேனேஜரோட மீட்டிங் இருக்கற நாள்னா மட்டும் மீட்டர் 200ஐத் தாண்டி காட்டுது. வீட்ல மூச்சுப் பயிற்சி பண்ணுன்னு நச்சரிக்கறாங்க, வீடியோல ஒருத்தர் கபாலபாதி (மூச்சை வேகமா வெளிய தள்ளற பயிற்சி) பண்ணா மாத்திரையே வேணாங்கறாரு. நிஜமா வேலை செய்யுமா?

மெதுவடை:
டென்ஷன்ல அட்ரினலின், கார்டிசால்னு ரெண்டு ஹார்மோனும் ஏறும், உடனே கல்லீரல் சேத்து வெச்ச குளுக்கோஸ ரத்தத்துல எறக்கி விட்டுரும், இன்சுலினும் சரியா எடுபடாது, அதான் சாப்பிடாமலே ஏறுது. மூக்கு வழியா 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி மெதுவா விடுங்க, நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். தோள் தூக்கக் கூடாது, வயிறு தான் அசையணும், மூச்சை அடக்கவும் வேணாம். தல சுத்துற மாதிரி இருந்தா ரொம்ப இழுக்கறீங்கன்னு அர்த்தம், விட்டுட்டு சாதாரணமா மூச்சு விடுங்க. படபடப்பு நல்லா கொறையும். சுகர் கொஞ்சம் எறங்கலாம், அவ்ளோ தான், மாத்திரைக்கு பதில் இது கிடையாது.

கண்ணாடி அக்கா:
தம்பி அந்த வீடியோவ மூடுங்க முதல்ல 😄 சுகரால விழித்திரைல பாதிப்பு இருந்தாலோ பிபி கட்டுக்குள்ள இல்லன்னாலோ கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமா முக்கி விடறதெல்லாம் ஆபத்து. கண் டாக்டர்கிட்ட செக் பண்ணாம தொடவே தொடாதீங்க.

ஊசிக்காரன்:
இன்னொன்னு, கை நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் லோ சுகர்லயும் அப்படியே வரும். டென்ஷன்னு நெனச்சு கண்ண மூடி மூச்சு விட்டுட்டு உக்காந்தா மயக்கம் தான். மொதல்ல கை கழுவிட்டு குத்திப் பாருங்க, 70க்கு கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப செக். மூச்சுப் பயிற்சி அப்புறம்.

நைட்ஷிப்ட்காரன்:
நன்றி எல்லாருக்கும். பிபிக்கு பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்ப மெதுவாக்கற மாத்திரை) வேற போடறேனே, அப்போ?

ஊசிக்காரன்:
அப்போ லோ ஆனா படபடப்பு சரியா தெரியாது பாஸ், வேர்வை மட்டும் வரலாம். மீட்டிங் பேக்லயே மீட்டர வெச்சுக்கோங்க, டாக்டர்கிட்டயும் இத கேட்டு வைங்க.