எஞ்சின் பிரேக்கிங்குக்கு ‘எதிரிழுவை’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைப்பதுதான் எஞ்சின் பிரேக்கிங். நம் வாகனக் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘எதிரிழுவை’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த நேற்றைய மடல்களுக்குச் சேர்த்தே பதில்.

> ‘பொறித்தடை’ போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் எஞ்சினுக்கு வந்த தடை என்றும் படிக்கலாம். ஒர்க்‌ஷாப்காரர் அதைப் பார்த்தால் பானெட்டைத் திறந்துவிடுவார். ஏற்றத்தில் ‘வண்டி நல்லா இழுக்குது’ என்பது இங்கே எல்லா ஓட்டுநர் வாயிலும் வருவது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே எஞ்சின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால்தான் ‘எதிரிழுவை’ என்றேன்.

> அறிவியல்படி ‘வெற்றிடத்தடை’ என்பதே துல்லியம்.

பெட்ரோல் வண்டிக்கு மட்டும். அதில் காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் என்ற மூடி மூடியதும் பிஸ்டன் காற்றை உறிஞ்ச முடியாமல் திணறும், வேகம் குறையும். டீசல் எஞ்சின் பொதுவாக அப்படி மூச்சை அடைத்துக்கொண்டு ஓடுவதில்லை. உள்ளே அழுத்திய காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுவதால் மிச்சமாகும் தடை குறைவு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் தனியாக, புகை வெளியேறும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அதற்குத்தான். மின்காரில் பிஸ்டனே இல்லை, மோட்டாரே ஜெனரேட்டராக மாறி இழுக்கிறது. ஆகவே சொல் விளைவைச் சொல்லட்டும், உள்ளே நடப்பதை விளக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

> முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம் இரண்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சுவாரசியமே அங்கேதான். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் சாய்கிறது. அம்பாசிடர் போன்ற பின்சக்கர வண்டிக்கு அது வசதி. மாருதி 800 போன்ற முன்சக்கர வண்டி ஈரமான வளைவில் நின்று கிளம்பினால் முன் டயர் சுற்றிச் சறுக்கும். இறக்கத்தில் கதை தலைகீழ். எடை முன்னால் வருவதால் முன்சக்கர வண்டியின் எதிரிழுவை, பாரம் அழுத்தும் டயர்களிலேயே விழுகிறது. பின்சக்கர வண்டியிலோ லேசாகிவிட்ட பின் டயர்களில் விழுகிறது. மழையில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்கி கிளட்சை விட்டால் வால் ஆடும். முன்சக்கர வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு) இல்லாததால் எடை மிச்சம், இடம் மிச்சம் என்று மட்டும் ஒப்பிடுகிற கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை.

எஞ்சின் அளவிலும் இதே முரண். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் இங்கே தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். சிறிய டர்போ எஞ்சின் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டி ஏறிவிடும். ஆனால் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டர்போ உதவாது, கொள்ளளவு சிறியதென்றால் எதிரிழுவையும் குறைவு. பெரிய எஞ்சின் இரண்டாம் கியரில் தாங்கும் இறக்கத்துக்குச் சிறிய எஞ்சின் முதல் கியர் கேட்கும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பவர்களுக்கு: இப்போதைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் போவதே முழுதாக நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும். பிரேக் டிரம் காய்ந்து நாறுவது இலவச இணைப்பு.

> காற்று இழுப்பதையும் இயற்பியலில் ‘இழுவை’ என்கிறோமே. குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. வாகனப் பட்டியலுக்குள் அதைக் ‘காற்றுத்தடை’ என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ‘பிடிப்பு’ என்பதையும் டயருக்கே விட்டுவிடுவோம்.

மின்காரில் வேகம் குறையும்போது மோட்டார் ஆக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவதற்கு ‘மீள்மின்னேற்றம்’ என்று தனிச்சொல் இருக்கட்டும் என்றீர்கள். சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் பேட்டரியில் இடமிருக்காது. பல கார்களில் முதல் சில கிலோமீட்டருக்கு மோட்டாரின் எதிரிழுவை பலவீனமாகவே இருக்கும். ‘மீள்மின்னேற்றம் இல்லை, அதனால் எதிரிழுவை குறைவு’ என்று எழுத இரண்டு சொல்லும் வேண்டும்.

பதிவுக்கு என் பரிந்துரை: எதிரிழுவை (பெயர்). ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சினோ மோட்டாரோ சக்கரங்களைத் தாமதப்படுத்தும் விசை. எடுத்துக்காட்டு: ‘சி.வி.டி. வண்டியில் டி-யிலேயே இறங்கினால் எதிரிழுவை போதாது, எல்-லுக்கு மாற்றவும்.’ (சி.வி.டி. என்பது படிப்படியான கியர்கள் இல்லாத ஒருவகை ஆட்டோமேட்டிக்; டி வழக்கமான ஓட்டத்துக்கு, எல் தாழ்ந்த கியர் போன்ற நிலைக்கு.)

‘கியர் இறக்குதல்’ என்பதை அப்படியே ஏற்கலாம் என்பது என் வாக்கு. அதைப் ‘பல்லிணைத் தாழ்த்தம்’ ஆக்கும் யோசனைக்கு, மன்னிக்கவும், என் வாக்கு இல்லை.