ஆன்லைன் ஆர்பிஜி குழு: முதல் செஷனுக்கு முன்னாடி என்னென்ன பேசி முடிக்கணும்?

அடையாறு_ஆர்க்:

வணக்கம். டிஸ்கார்டில் (குரல்ல பேசிக்கற ஆப்) புதுசா ஒரு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெய்ன், அதாவது ஆளுக்கொரு கேரக்டரா பல செஷன் ஆடற ஆர்பிஜி (ரோல்பிளே) கதை, ஆரம்பிக்கிறோம். நான்தான் ஜிஎம் (கேம் மாஸ்டர், கதையை நடத்தறவர்). ஆறு பிளேயர்: நாலு பேர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் டொராண்டோ. சென்னை ஆட்கள்ல ஒருத்தன் 15 வயசுப் பையன், இன்னொரு பிளேயரோட தம்பி. மூணு பேருக்கு இதுதான் முதல் ஆட்டம். சனிக்கிழமை ராத்திரி 8:30னு நினைச்சிருக்கோம். மேப்பும் பகடையும் வச்சு ஆன்லைன்ல ஆட ரோல்20யா, ஃபவுண்ட்ரியான்னு இன்னும் முடிவாகல.

விதிமுறைகளை ஒரே மெசேஜா எழுதி பின் பண்ணி வைக்கணும். "மரியாதையா பேசணும், நேரத்துக்கு வரணும்"னு பத்து பாயின்ட் எழுதிட்டேன், திரும்பப் படிச்சா ஸ்கூல் டைரியோட முதல் பக்கம் மாதிரி இருக்கு. நிஜமா எதையெல்லாம் எழுதி வைக்கணும்?

இருபதுமுகம்:

"நேரத்துக்கு வரணும்"ங்கறது விதி இல்ல, ஆசை. வரலைன்னா என்ன ஆகும்னு கூடவே எழுதினாத்தான் விதி. உங்க பத்து பாயின்டையும் இப்படி உரசிப் பாருங்க, பாதி தானா உதிர்ந்துடும்.

பெரும்பாலான குழுக்கள் சண்டை போட்டு உடையறதில்ல. காலண்டர்தான் உடைக்குது. அதனால முதல்ல நேரம். நீங்க 8:30க்கு ஆரம்பிச்சா சிங்கப்பூர்ல 11 மணி. மூணு மணி நேர ஆட்டம்னா அந்த மனுஷன் படுக்கப் போக ராத்திரி 2 ஆயிடும். ரெண்டு வாரம் தாங்குவார், மூணாவது வாரம் "லைட்டா காய்ச்சல்"ம்பார். 6:30 ஆக்குங்க: சிங்கப்பூருக்கு 9, டொராண்டோவுக்குக் காலை 9. வாராவாரம் வேண்டாம், மாசத்துல ரெண்டு சனி போதும். குழுவில் பேங்க் ஆள் இருந்தா ரெண்டாவது, நாலாவது சனியை எடுத்துக்குங்க, அன்னைக்கு அவங்களுக்கு லீவு.

அடுத்தது வருகை. ஆறுல நாலு பேர் இருந்தா ஆட்டம் உண்டு, மூணுன்னா இல்லைன்னு முதல்லயே எண்ணிக்கையா எழுதுங்க. இல்லைன்னா ஒவ்வொரு வாரமும் "இன்னைக்கு ஆடலாமா?"ன்னு வாட்ஸ்அப்பில் அறுபது மெசேஜ் ஓடும். வர முடியாதவர் வெள்ளி ராத்திரி 9க்குள்ள சொல்லணும். 6:45 வரைக்கும் காத்திருப்போம், அப்புறம் இருக்கறவங்களோட ஆரம்பிச்சிடுவோம். சொல்லாம ரெண்டு தடவை தொடர்ந்து வரலைன்னா ஜிஎம் தனியாக் கேட்பார், மூணாவது தடவை அந்த இடம் வேற ஆளுக்கு.

வராதவரோட கேரக்டருக்கு என்ன ஆகும்ங்கறதை எல்லாரும் மறந்துடுவாங்க, அப்புறம் அதுதான் பெரிய பஞ்சாயத்தா வரும். எளிய வழி: அந்தக் கேரக்டர் கூடாரத்தைக் காவல் காக்குது. சாகாது, பொருள் தொலையாது, யாரும் அதோட மந்திரச் சுருளை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. அனுபவப் புள்ளி கணக்கு வேண்டாம், கதை ஒரு கட்டத்தைத் தாண்டினா எல்லாருக்கும் ஒண்ணா லெவல் ஏத்துங்க. இல்லைன்னா தேர்வுக்காக ரெண்டு செஷன் விட்ட பையன் மத்தவங்களை விட ஒரு லெவல் கீழே நிற்பான்.

கிண்டி_காப்ளின்:

மேல சொன்னது சரி. ஆனா புதுசா மூணு பேர் இருக்காங்கன்னா அதுக்கும் முன்னாடி ஒண்ணு: எந்த வருஷப் புத்தகம்? 2014 பதிப்பும் 2024 பதிப்பும் மேலோட்டமாப் பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா லெவல் ஒண்ணுல காயம் ஆத்தற கியூர் வூண்ட்ஸ் மந்திரம் பழசுல ஒரு எட்டு முகப் பகடை, புதுசுல ரெண்டு. மருந்துப் புட்டியைக் குடிக்க பழசுல உங்க முறையோட முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் போயிடும், புதுசுல கூடவே செய்யற சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். ஒருத்தர் பழைய பிடிஎஃப், இன்னொருத்தர் புது ஆப்னு வந்தா முதல் சண்டையிலேயே "நீ எப்படி ரெண்டு உருட்டின?"ன்னு ஆரம்பிக்கும். ஒரு பதிப்பை முடிவு பண்ணி வருஷத்தோட எழுதுங்க. அடிப்படை விதிகள் எஸ்ஆர்டிங்கற பேர்ல இலவசமாவே கிடைக்குது. 2014 விதிகளோட எஸ்ஆர்டியை 2023 ஜனவரியில் யாரும் இலவசமாப் பயன்படுத்திப் பகிரலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுட்டாங்க. அதனால புதுசா வர்றவங்களைப் புத்தகம் வாங்கச் சொல்லவே வேண்டாம்.

கேரக்டரோட பலம், அறிவு மாதிரி திறன்களுக்கு எண் போடற முறையையும் ஒண்ணாக்குங்க. வீட்டில் தனியாப் பகடை உருட்டி "18, 17, 16 வந்துச்சு"ன்னு வர்றவரை நம்பவும் முடியாது, சந்தேகப்படவும் முடியாது. 15, 14, 13, 12, 10, 8ங்கற நிலையான எண்கள், இல்லை 27 புள்ளிகளைப் பிரிச்சுக்கற முறை, ரெண்டில் ஒண்ணு.

விதிச் சந்தேகம் வந்தா ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள புத்தகத்தில் கிடைக்கலைன்னா ஜிஎம் சொல்றதுதான் அன்னைக்குச் சட்டம். ஆட்டம் முடிஞ்சதும் தேடிப் பார்த்து தனி சேனலில் ஒரு வரி எழுதிடுங்க. தப்பாப் போயிருந்தாலும் பழசைத் திருத்தக் கூடாது, அடுத்த செஷன்லேர்ந்துதான் மாற்றம். ஒரே விலக்கு, அந்தத் தீர்ப்பால ஒரு கேரக்டர் சாகப் போகுதுன்னா நிறுத்திட்டுப் பொறுமையாத் தேடுங்க. இருபது முகப் பகடையில் 20 விழுந்தா எதுவும் நடக்கும்னு நம்பறவர் ஒருத்தராவது குழுவில் இருப்பார். அந்தத் தானா ஜெயிக்கற சலுகை தாக்குதல் உருட்டலுக்கு மட்டும்தான், பூட்டு திறக்கறதுக்கு இல்லைன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

சண்டையில் நேரக் கணக்கு: ஆறு பேர் ஆளுக்கு மூணு நிமிஷம், உங்களுக்கு நாலு, ஒரு ரவுண்டே 22 நிமிஷம். நாலு ரவுண்டு போனா ஒன்றரை மணி நேரம் காலி. அதுல ஒவ்வொருத்தரும் ஆடினது மொத்தம் 12 நிமிஷம், மிச்ச நேரம் ரீல்ஸ் பார்த்திருப்பாங்க. ஒருத்தர் முறை ஆரம்பிக்கும்போதே "அடுத்தது நீங்க"ன்னு அடுத்தவர் பேரைச் சொல்லிடுங்க. தன் முறை வந்த ஒரு நிமிஷத்துக்குள்ள முடிவு சொல்லலைன்னா கேரக்டர் தற்காப்பில் நிற்குது, ஆட்டம் நகருது. புதுசா ஆடறவங்களுக்கு மட்டும் முதல் மூணு செஷன் இதில் சலுகை.

மடிப்பாக்கம்_மிமிக்:

டெக்னிக்கல் சைடு நான் சொல்றேன். ஃபவுண்ட்ரியை உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓட்டறதா இருந்தா முதல்ல ரவுட்டர்ல வேன் ஐபி (இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைச்ச முகவரி) பாருங்க. 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா உங்க இணைப்பு சிஜிநேட்டுக்குப் (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ற ஏற்பாடு) பின்னாடி இருக்கு, ஃபவுண்ட்ரியோட 30000 போர்ட்டை எவ்வளவு திறந்தாலும் வெளியே இருக்கறவங்க உள்ளே வர முடியாது. தனி ஐபி வாங்கணும், இல்லை வெளியே சர்வர் எடுக்கணும். அதோட உங்க ஏரியால கரன்ட் போனா ஆறு பேருக்கும் ஆட்டம் போச்சு. புதுக் குழுவுக்கு ரோல்20 போதும். இலவசக் கணக்கில் 100 எம்பிதான் இடம், அதனால மேப்பை ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல்னு சுருக்கி ஏத்துங்க. 20க்கு 30 கட்டம்னா 1400க்கு 2100 பிக்சல்.

மைக் விதி: இயர்போன் இல்லாம யாரும் பேசக் கூடாது. ஸ்பீக்கர்ல ஆடறவர் இருந்தா எக்கோ அவருக்குக் கேட்காது, மத்த எல்லாருக்கும் கேட்கும், அதனால அவர் ஒத்துக்கவே மாட்டார். ப்ளூடூத் இயர்போன்ல மைக்கை ஆன் பண்ணினதும் சத்தம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிடும். நூறு ரூபாய் ஒயர் இயர்போன் அதுக்கு எவ்வளவோ மேல். டிஸ்கார்டோட இரைச்சல் நீக்கி ஃபேன் சத்தத்தை நல்லா அடக்கும். ஆனா ஃபேன் காத்து நேரா மைக்ல அடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது, மைக்கைக் கழுத்துப் பக்கம் இறக்கிக்கணும். குக்கர் விசிலுக்கும் ஆடி மாசத்து அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கும் எந்த செட்டிங்ஸும் கிடையாது. அந்த நேரத்தில் அவங்க புஷ் டு டாக்கில் (பட்டனை அழுத்தினாத்தான் மைக் ஆன்) இருக்கணும், இல்லை டைப் பண்ணணும்.

கரன்ட்: மோடத்துக்கும் ரவுட்டருக்கும் அடாப்டர்ல 12 வோல்ட்னு போட்டிருந்தா மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க, ஆம்பியர் அளவையும் பார்த்து வாங்குங்க. மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பேச்சுக்குப் போதும், 64 கேபிபிஎஸ்ல ஒருத்தர் குரல் மணிக்கு 30 எம்பிக்குள்ளதான். வீடியோவைக் கட்டாயமாக்காதீங்க. ஜிஎம் இணைப்பு அறுந்தா 10 நிமிஷம் காத்திருந்து கலைஞ்சிடணும். பிளேயர் இணைப்பு அறுந்தா அவர் கேரக்டரை யார் ஓட்டறதுன்னு ஒரு பேரைக் குறிச்சு வச்சுக்குங்க. நவம்பர், டிசம்பர் மழையில் இது கட்டாயம் தேவைப்படும்.

அடையாறு_ஆர்க்:

செம, எல்லாரும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. கதை ஒரு கற்பனைத் துறைமுகத்தில் நடக்குது, சோழர் காலச் சாயல். அந்தப் பையன் இருக்கறதால உள்ளடக்கத்தில் எங்கே கோடு போடணும்? அப்புறம், ஜிஎம் பகடையை மறைச்சு உருட்டலாமா?

மயிலை_மந்திரவாதி:

முதல் கேள்விக்கு. ரெண்டு பட்டியல் போடுங்க. ஒண்ணு, ஆட்டத்தில் வரவே கூடாதது. இன்னொண்ணு, நடக்கலாம் ஆனா விவரிக்காம திரையை இழுத்துடணும்ங்கறது. ஆர்பிஜி வட்டத்தில் இதை லைன்ஸ், வெய்ல்ஸ்னு சொல்வாங்க. பேர் கேட்காத கூகுள் ஃபார்ம்ல வாங்குங்க, இமெயில் சேகரிப்பை ஆஃப் பண்ண மறக்காதீங்க. நேர்ல கேட்டா எல்லாரும் "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னுதான் சொல்வாங்க. ஃபார்மில் "வேற ஏதாவது?"ன்னு காலியா விட்டா யாரும் எழுத மாட்டாங்க. பாலியல் வன்முறை, குழந்தைக்குத் துன்பம், சித்திரவதை, தற்கொலை, பாம்பு, பூச்சின்னு நீங்களே வரிசை போட்டு டிக் பண்ண விடுங்க.

உங்க கதைக்கு ரெண்டு வரி கூடுதலாச் சேர்க்கணும். சோழர் சாயல்னதும் யாராவது நிஜ சாதிப் பேரைக் குலத்துக்கு வைப்பாங்க, எதிரிக் கூட்டத்துக்கும் வைப்பாங்க. முழுசாத் தடை போடுங்க, "வரலாற்றில் இருந்துச்சே"ன்னு வாதமே வேண்டாம். குலப் பேர், ஊர்ப் பேர் எல்லாம் நீங்களே ஒரு பட்டியலாத் தந்துட்டா இந்தச் சிக்கல் எழாது. ரெண்டாவது, இன்னைக்கும் வழிபாட்டில் இருக்கற தெய்வம் அசுரனா, அடிச்சு வீழ்த்தற பெரிய எதிரியா வரலாமா? ஒருத்தருக்கு அது கதை, இன்னொருத்தருக்கு அது குலதெய்வம். சந்தேகம் இருந்தா தெய்வங்களையும் கற்பனையாவே வைங்க.

ஆட்டத்துக்கு நடுவில் சங்கடம் வந்தா சாட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி. ஜிஎம் காட்சியை அங்கேயே வெட்டிட்டு அடுத்ததுக்குப் போகணும். ஏன்னு யாரும் கேட்கக் கூடாது, ஆட்டம் முடிஞ்ச பிறகும் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் முன்னாடி போடத் தயக்கமா இருந்தா ஜிஎம்முக்குத் தனி மெசேஜா அனுப்பலாம். முதல் செஷனில் நீங்களே ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அப்பத்தான் மத்தவங்க கை நகரும்.

பையனைப் பொறுத்தவரை மொத்த ஆட்டமும் அவன் வயசுக்கு ஏத்ததா இருக்கணும். "அவன் போன பிறகு பெரியவங்க காட்சி"ன்னு பிரிக்காதீங்க. பெரியவங்க அவனோட தனி மெசேஜில் பேசக் கூடாது, எல்லாம் பொதுச் சேனலில்தான். குறி அனுப்பறதுக்கு மட்டும் விலக்கு. அவன் என்ன ஆடறான், யாரோட ஆடறான்னு பெற்றோருக்குத் தெரிஞ்சிருக்கணும். செஷனை ரெக்கார்டு பண்றதா இருந்தா ஆறு பேரும் எழுத்தில் சம்மதிக்கணும், அவனுக்காக அவங்க வீட்டில்.

இன்னொண்ணு, நீங்க கேட்காதது: பிளேயரை பிளேயர் அடிக்கறது, திருடறது. "கூடாது"ன்னு எழுதினா யாராவது ஓட்டை தேடுவாங்க. யாரைக் குறி வைக்கறாங்களோ அவர்தான் அது பலிச்சுதா இல்லையான்னு சொல்வார்னு எழுதுங்க. பகடையே கிடையாது. திருட்டு ஆசை தானா அடங்கிடும்.

கிண்டி_காப்ளின்:

பகடைக்கு: எல்லாத்தையும் வெளிப்படையா உருட்டுங்க. ஜிஎம் ரகசியமா உருட்டினா என்னைக்காவது ஒரு நாள் மாத்திச் சொல்றார்னு பிளேயர் நினைக்கத்தான் போறாங்க. அந்த எண்ணம் ஒரு தடவை வந்துட்டா பயமும் போச்சு, வெற்றிக்கு மதிப்பும் போச்சு.

இருபதுமுகம்:

சண்டைக்கு ஒத்துக்கறேன், தேடலுக்கு இல்ல. பொறி இருக்கான்னு பார்க்க உருட்டி 3 விழுந்ததை பிளேயரே பார்த்துட்டா, "ஒண்ணும் தெரியல"ன்னு ஜிஎம் சொன்னாலும் அவர் அந்தக் கதவைத் தொட மாட்டார். பொறி, பொய், பதுங்கல் மூணுக்கும் ஜிஎம் மட்டும் பார்க்கற மாதிரி, மிச்சமெல்லாம் திறந்த உருட்டல். அது எதெதுக்குன்னு விதியில் பேர் சொல்லி எழுதிட்டா சந்தேகத்துக்கு இடமில்ல. ஜிஎம் கேட்கறதுக்கு முன்னாடி யார் உருட்டினாலும் செல்லாதுங்கறதையும் சேர்த்துக்குங்க.

அடையாறு_ஆர்க்:

ரோல்20, 2014 விதிகள், ரெண்டாவது நாலாவது சனி 6:30, நாலு பேர் குறைந்தபட்சம். மூணு விஷயத்துக்கு மட்டும் மறைமுக உருட்டல். ஃபார்ம் இன்னைக்கு ராத்திரி அனுப்பறேன். நேரத்தை மூணு ஊருக்கும் எழுதியே பின் பண்ணிடறேன்.

மடிப்பாக்கம்_மிமிக்:

மூணு ஊர் நேரத்தையும் எழுதாதீங்க, இந்திய நேரம் மட்டும் போதும். நவம்பர் முதல் ஞாயிறு டொராண்டோ கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகும், அடுத்து வர்ற செஷன் அவருக்குக் காலை 8 மணி. மார்ச் ரெண்டாவது ஞாயிறு மறுபடி 9 ஆயிடும். டிஸ்கார்டிலேயே நிகழ்வா உருவாக்கிட்டா அவங்கவங்க ஊர் நேரத்தில் தானாக் காட்டும். அந்த நவம்பர் வாரம் மட்டும் அவரை ஒரு தடவை தட்டிக் கேட்டுடுங்க, சனிக்கிழமை காலை 8 மணிக்கு எழுந்திருப்பாரான்னு.